பொட்டு வைக்காத குப்பி

அத்தியாயம் 9

வெர்னா கோஸ்கியின் உடம்புக்குள் தவறான மருந்தைச் செலுத்தியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செலுத்திய டாக்டரே அன்று மாலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் இந்த வழக்கில் துப்பறிய என்னதான் இருக்கிறது என்று மூன்று நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஜோசி பூஷே. இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி, முதுகு போன பிறகு ஆல்டன் ரீஸிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். விழுந்த விமானங்கள் ஏன் விழுந்தன என்று கண்டுபிடிப்பதை முப்பது வருடம் தொழிலாக வைத்திருந்தவர் ரீஸ். ஒரு விமானத்தைக்கூட அவர் ஓட்டியதில்லை. அதனால்தான் அவரை 'கேப்டன்' என்று கூப்பிடுகிறேன்.

"கை யாருதுன்னு தெரியும், ஜோசி. கண்ணை எது ஏமாத்துச்சுன்னு தெரியல" என்பதுதான் அவர் மூன்று நாட்களாகச் சொன்ன பதில்.

மே 9, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று நாற்பது. எங்களுக்கு மூன்று மணி இருபது நிமிடம் மிச்சமிருந்தது. வெர்னாவின் கணவர் ரே கோஸ்கி, சரக்கு ரயில் ஓட்டுபவர். டாக்டரின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லும் புகாரை வக்கீல் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார். ஐந்து மணிக்கு ரே அதில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. கையெழுத்து விழுந்தால் டாக்டர் ஒலேனா பெட்ரிக் இனி எந்த ஊரிலும் யாருக்கும் மயக்க மருந்து கொடுக்க முடியாது.

"எனக்கு ஒரே ஒரு பேரு வேணும். சரியான பேரு" என்று ரே செவ்வாய்க்கிழமை எங்களிடம் சொல்லியிருந்தார். "டாக்டர் பேருதான்னா டாக்டர் பேரு. வெர்னா உங்களைப் பத்திச் சொல்வா, மிஸ்டர் ரீஸ். நீங்க அந்த ஆஸ்பத்திரியில பத்து மாசம் ஆலோசகரா இருந்தீங்களாமே. 'அங்க காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆளு அவருதான்'னு சொல்வா. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பெயரைச் சொல்கிறேன் என்று ரீஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

டாக்டர் பெட்ரிக்கை டோனட் கடையில் சந்தித்தோம். வயது முப்பத்தெட்டு. மூன்று வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. எதிரே தட்டில் ஒரு பெர்ஷியன் பன். மேலே இருந்த இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு காய்ந்து வெடித்திருந்தது.

"டாக்டர், அதைச் சாப்பிடப் போறீங்களா, இல்ல அதுக்கும் மயக்கம் தெளியணுமா?" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ்காரர்களின் வியாதி இது. ஆனால் அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"வெர்னாவும் இப்படித்தான் பேசுவா" என்றார். "அன்னைக்கு மேஜையில படுத்துக்கிட்டே, 'டாக்டர், வாந்தி மருந்தை மறந்துடாதீங்க, போன ஆபரேஷனப்போ ரெண்டு நாள் வாளியோட குடும்பம் நடத்தினேன்'னு சொன்னா. நான் மறக்கல. பித்தப்பையை எடுத்து முடிச்சாச்சு, தையல் போட்டுக்கிட்டிருந்தாங்க. ஞாபகமா எடுத்துக் கொடுத்தேன்."

கொடுத்தது வாந்தி மருந்தல்ல. ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து. ஒரு பை உப்பு நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டியதை அப்படியே மொத்தமாக ஏற்றிவிட்டார். வெர்னாவின் இதயம் இருபது நிமிடம் போராடி நின்றுபோனது. வயது நாற்பத்தாறு.

"லேபிளைப் படிச்சீங்களா?" ரீஸ் கேட்டார்.

"பார்த்தேன். படிச்சேன்னு சத்தியம் பண்ண முடியாது."

"பார்த்தப்போ கண்ணுல என்ன பட்டுச்சு? வரிசையாச் சொல்லுங்க."

"இழுப்பறையில இடது பக்கக் குழி. வாந்தி மருந்தோட இடம். ஆரஞ்சு மூடி. பொட்டு இல்ல. மூடியைத் தட்டிவிட்டு ஊசியில ஏத்தினேன்."

காபியைக் கலக்கிக்கொண்டிருந்த ரீஸின் கரண்டி நின்றது.

"என்ன பொட்டு?"

"சிவப்புப் பொட்டுதான். பிரஷர் மருந்து மூடியில இருக்குமே."

"உங்க வாக்குமூலம் ஒன்பது பக்கம். அதுல பொட்டுங்கிற வார்த்தையே இல்லையே, டாக்டர்."

அவர் குழப்பமாகப் பார்த்தார். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? ரெண்டு குப்பியும் ஒரே அளவு, ஒரே ஆரஞ்சு மூடி. பொட்டு இருந்தா பிரஷர் மருந்து, இல்லைன்னா வாந்தி மருந்து. ஆபரேஷன் தியேட்டர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க." பிறகு குரல் இறங்கியது. "அதைச் சாக்காச் சொல்லல நான். படிக்கத்தான் லேபிள் ஒட்டியிருக்கு. நான் படிச்சிருக்கணும்."

ரீஸ் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் டாக்டரின் தட்டிலிருந்த பன்னை ஒரு காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தேன்.

"வீட்டுல போய்ச் சாப்பிடுங்க, டாக்டர். இது ஆம்புலன்ஸ் உத்தரவு."

இரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் குவித்த பனி இன்னும் கரையாமல் கரியாகக் கிடந்தது. தியேட்டர் தலைமை நர்ஸ் லொரெய்ன் துவோமி எங்களுக்குக் காகிதத் தொப்பி கொடுத்தார். அதைப் போட்டால் நான் விற்காமல் போன கேக் மாதிரி இருப்பேன்.

"எதையும் தொடாதீங்க. முக்கியமா இந்த அம்மா எதையும் தொடக் கூடாது" என்றார் லொரெய்ன்.

"பார்த்த உடனே புரிஞ்சுக்கிட்டாங்க, கேப்டன்."

ஒன்றாம் தியேட்டரின் மயக்க மருந்து வண்டியில் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார் லொரெய்ன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். இரண்டிலும் ஆரஞ்சு மூடிக் குப்பிகள். வலது பக்கக் குழியில் ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

இரண்டாம் தியேட்டர் வண்டியிலும் அப்படியே.

மூன்றாம் தியேட்டரின் வண்டி அன்றைக்கே பூட்டி முத்திரை வைக்கப்பட்டிருந்தது. லொரெய்ன் முத்திரையை உடைத்துத் திறந்தார். வலது குழி காலி. இடது குழியில் ஆரஞ்சு மூடிகள், ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. ரீஸ் குனிந்து லேபிள்களைப் படித்தார்.

"வாந்தி மருந்து. வாந்தி மருந்து. பிரஷர் மருந்து. பிரஷர் மருந்து. வாந்தி மருந்து." நிமிர்ந்தார். "கலந்து கிடக்கு."

லொரெய்ன் தானும் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இந்தப் பொட்டு எங்கேருந்து வருது?" ரீஸ் கேட்டார்.

"கம்பெனியிலேருந்தே அப்படித்தான் வருது."

ரீஸ் ஒன்றாம் தியேட்டர் குப்பி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, தன் சாவிக் கொத்தை எடுத்தார். அதில் ஒரு சின்னப் பித்தளைச் சாவி உண்டு. அது எந்தப் பூட்டுக்கானது என்று அவருக்கே ஞாபகமில்லை. டின் மூடியை நெம்புவதற்கும் உறையைக் கிழிப்பதற்கும் பயன்படுத்துவார். தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லாத மாதமில்லை. அதன் நுனியால் பொட்டைச் சுரண்டினார். சிவப்பு செதிலாக உரிந்து வந்தது.

"அச்சடிச்சது இல்ல. பெயின்ட். என்ன பெயின்ட்?"

"ரெண்டு விவாகரத்து ஆகியும் இது தெரியலையா, கேப்டன்? நெயில் பாலிஷ்."

"இங்க யாரு நெயில் பாலிஷ் போடுறது?"

"யாருமே போடக் கூடாது. தியேட்டருக்குள்ள நகப்பூச்சு தடை" என்றார் லொரெய்ன். "பத்து நகத்தையும் பார்த்துத்தான் உள்ளேயே விடுவோம்."

"நல்லது" என்றார் ரீஸ். "அப்போ இது அழகுக்காக வந்த பாட்டில் இல்ல. ஸ்டோரைத் திறங்க."

மருந்து ஸ்டோரில் முத்திரை பிரிக்காத பிரஷர் மருந்துப் பெட்டி ஒன்றை ரீஸ் தன் கையால் பிரித்தார். இருபத்தைந்து ஆரஞ்சு மூடிகள். எல்லாம் மொட்டை.

லொரெய்ன் ஒரு மூடியை விரலால் தடவினார். பொட்டு விரலுக்காவது தட்டுப்படும் என்று எதிர்பார்த்தவர் போல.

"விமானத்துல ஒரு பழக்கம் உண்டு" என்றார் ரீஸ் மெதுவாக. "வேலை முடியாத இடத்துல மெக்கானிக் சிவப்புத் துணி கட்டுவான். நல்ல பழக்கம்தான். கொஞ்ச நாள் போனா, துணி இல்லைன்னா வேலை முடிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் தானா நம்ப ஆரம்பிச்சுடுவாங்க. அப்படின்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கண்ணே சொல்லிக்கும். அப்புறம் ஒருநாள் துணி கட்டுற ஆளு லீவு போடுவான்."

"அன்னைக்கு மூணாம் நம்பர் வண்டியை நிரப்பினது நான்தான்" என்றார் லொரெய்ன்.

அவராகவே சொன்னார்.

"ஏப்ரல் 16, புதன். ஆறே முக்காலுக்கு ஸ்டோர்லேருந்து ரெண்டு பெட்டி வந்துச்சு. குப்பிங்களைத் தட்டுல கொட்டிக்கிட்டேன். பொட்டு வச்சது வலது, வைக்காதது இடது. எல்லாரும் அப்படித்தான் அடுக்குவோம். அன்னைக்கு வந்த எதுலயும் பொட்டு இல்ல. எல்லாம் வாந்தி மருந்துதான்னு இடது பக்கமே போட்டேன். பிரஷர் மருந்து வரலைன்னு நினைச்சுக்கிட்டேன். ஸ்டோருக்கு போன் பண்ணித் திட்டக்கூடச் செஞ்சேன்."

திட்டியதுதான் அந்த நேரத்தில் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"வழக்கமா வண்டியை நிரப்புறது யாரு?" ரீஸ் கேட்டார்.

"டெக்னீஷியன். ஆறு மணிக்கே வந்து மூணு வண்டியையும்..." லொரெய்ன் நிறுத்தினார். கண்கள் பெரிதாயின. "அன்னைக்கு அவ லீவு."

"யாரு?"

லொரெய்ன் பெட்டியை மூடினார். அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வெர்னா" என்றார் லொரெய்ன். "லீவு போட்டுட்டு இங்கதான் வந்தா. மூணாம் நம்பர் மேஜைக்கு."

டெக்னீஷியன் அறை ஒரு அலமாரியை விடக் கொஞ்சம் பெரியது. எல்லா டப்பாவிலும் இடது பக்கம் சாய்ந்த கையெழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. கொக்கியில் இன்னும் ஒரு பச்சை ஸ்வெட்டர். ஒட்டுநாடாச் சுருள்களைத் தூக்கியபோது பின்னால் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. சிவப்பு, பாதி தீர்ந்தது. கூடவே முழுதும் தீர்ந்த பாட்டில்கள் இரண்டு.

"ரெண்டரை பாட்டில்" என்றேன். "பத்து விரலுக்கு இது எட்டு வருஷம் வரும், கேப்டன்." வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன். அப்படி வரவில்லை.

"ஏன் உங்ககிட்ட சொல்லல?" ரீஸ் லொரெய்னைக் கேட்டார்.

"மருந்துக் குப்பியில எதையும் பூசக் கூடாதுன்னு விதி. தெரிஞ்சிருந்தா நானே எழுத்துல கண்டிச்சிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்." லொரெய்ன் ஸ்வெட்டரின் கையைத் தொட்டார். "ஆனா சொல்லாம இருந்திருக்க மாட்டா, மிஸ்டர் ரீஸ். பெட்டியில எழுதிப் போட்டிருப்பா. நாங்க எல்லாருமே போடுவோமே."

"எந்தப் பெட்டி?"

லொரெய்ன் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன இப்படிக் கேக்கறீங்க? நீங்க வச்ச பெட்டிதானே."

கை கழுவும் தொட்டிகளுக்கு மேலே, நடைபாதைச் சுவரில் இருந்தது. மஞ்சள் தகரப் பெட்டி. மேலே ஒரு அட்டை. எழுத்து வெளிறியிருந்தாலும் படிக்க முடிந்தது.

*தவறு நடக்கப் பார்த்ததா? எழுதுங்கள். பெயர் வேண்டாம். தண்டனை இல்லை. படிக்கிறேன். ஆ. ரீஸ்.*

மூன்று வருடங்களுக்கு முன் ரீஸ் இங்கே செய்த வேலை அதுதான். விமானக் கம்பெனிகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல், நடக்கப் பார்த்ததையே எழுதச் சொல்வார்கள். எழுதியவரைத் தண்டிக்க மாட்டார்கள். ரீஸ் மாதம் ஒருமுறை வந்து, திறந்து, ஒவ்வொரு சீட்டையும் படித்து, மாற்ற வேண்டியதை மாற்ற வைத்தார். பத்தாவது மாதம் நிர்வாகம் மாறியது. உங்கள் சேவைக்கு நன்றி என்று ஒரு கடிதம் வந்தது. அவரும் கோபத்தில் மேஜையைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். கோபம் வரும்போதெல்லாம் சொல்வார். பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

"நான் போனதுக்கப்புறம் இதை யாரு திறக்கறாங்க?" அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நீங்கதான்னு நினைச்சோம். நீங்க இல்லைன்னா ஆபீஸ்காரங்கன்னு நினைச்சோம்" என்றார் லொரெய்ன். "படிக்கிறேன்னு எழுதியிருக்கே."

ரீஸ் சாவிக் கொத்தை எடுத்தார். ஒவ்வொரு சாவியாகத் தள்ளினார். ஒன்றில் நிறுத்தினார். சின்னப் பித்தளைச் சாவி. நுனியில் இன்னும் சிவப்புச் செதில் ஒட்டியிருந்தது.

சாவி எந்தச் சிரமமும் இல்லாமல் திரும்பியது.

சீட்டுகள் திணித்துத் திணித்து அடைத்திருந்ததால் கதவு திறந்ததும் தொட்டிக்குள் கொட்டின. அறுபத்து நாலு. நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அதில் நாலு, இடது பக்கம் சாய்ந்த எழுத்து.

*ஜனவரி 20. வாந்தி மருந்து இப்போது வேறு கம்பெனியிலிருந்து வருகிறது. மூடி ஆரஞ்சு. பிரஷர் மருந்தும் ஆரஞ்சு. இன்று நானே மாற்றி அடுக்கப் பார்த்தேன்.*

*பிப்ரவரி 11. நீங்கள் கவனிக்கும்வரை பிரஷர் மருந்துக்கு நானே நகப்பூச்சில் பொட்டு வைக்கிறேன். விதிப்படி தப்பு. தெரிந்துதான் செய்கிறேன்.*

*மார்ச் 18. பொட்டைப் பார்க்க எல்லாரும் பழகிவிட்டார்கள். லேபிளை யாரும் படிப்பதில்லை. இது நான் நினைக்காதது. எனக்குப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.*

நாலாவது சீட்டை ரீஸ் படித்தார். எனக்குக் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து, காரணமே இல்லாமல் வெகுநேரம் கை கழுவினார்.

நாலு முப்பத்தைந்து. காரை நான் ஓட்டினேன். அவர் மடியில் சீட்டுகள் நிறைந்த பை.

"கேப்டன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொட்டு வச்சது வெர்னாதான்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. மூடி ஒரே மாதிரி இருந்துச்சு, பெட்டியை யாரும் திறக்கல. அது போதும். அவங்க பண்ண நல்லதே அவங்களை..." முடிக்க முடியவில்லை. "அந்த மனுஷன் எப்படித் தாங்குவாரு?"

"விழுந்த விமானத்துல பாதியை மட்டும் பொறுக்கிக்கிட்டு வர முடியாது, ஜோசி."

"இது விமானம் இல்ல."

"இல்ல" என்றார். "விமானமா இருந்திருந்தா வெர்னா உயிரோட இருந்திருப்பாங்க. முதல் சீட்டுக்கே மூடி மாறியிருக்கும்."

ரயில் யார்டில் ஓட்டுநர்கள் ஓய்வறை. ரே கோஸ்கி தனியாக உட்கார்ந்திருந்தார். ஆறடி மூன்றங்குல மனிதர், மடித்து வைத்த மாதிரி. மேஜையில் புகாரும் பேனாவும் தயாராக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே தானிய வண்டிகள் துறைமுகத்தைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தன. சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு.

"பேரு" என்றார் ரே.

ரீஸ் உட்காரவில்லை. நகப்பூச்சு பாட்டிலை மேஜையில் வைத்தார். பக்கத்தில் சாவியை. பக்கத்தில் மூன்று சீட்டுகளை. வரிசையாக, எதையும் விடாமல், எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். லொரெய்ன் அடுக்கியதையும், டாக்டர் பார்த்ததையும், பொட்டு யார் வைத்தது என்பதையும்.

ரே பாட்டிலைக் கையில் எடுத்தார். அவர் கையில் அது ஒரு பட்டன் அளவே இருந்தது.

"மருந்துக் கடையில இதை வாங்கினப்போ கூட இருந்தேன்" என்றார். "பத்தொன்பது வருஷமா நகத்துல எதுவும் பூசாதவ. 'யாருக்காகடி இந்த அலங்காரம்'னு கேலி பண்ணேன். 'உனக்கில்ல, வேலைக்கு'ன்னா. கட்டைவிரல் ஓரத்துல எப்பவும் ஒரு சிவப்புக் கறை இருக்கும். கடைசிவரைக்கும் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

ரே பாட்டிலை உள்ளங்கையில் உருட்டினார். பிறகு அவர் தலையை ஆட்டத் தொடங்கினார்.

"ஆனா இது தப்பு. எங்க வேலையில இஞ்சின்ல ஒருத்தன் சொந்தமா அடையாளம் வைக்கலாம். ஆனா இறங்கும்போது அடுத்தவன்கிட்ட சொல்லிட்டுத்தான் இறங்கணும். சொல்லணும், அவன் திருப்பிச் சொல்லணும். அப்பதான் இறங்கலாம். வீட்டுலகூட அப்படித்தான் பண்ணுவோம். நான் 'அடுப்பு அணைச்சாச்சு'ன்னா, அவ 'அடுப்பு அணைச்சாச்சு'ம்பா. அப்புறம்தான் கதவைப் பூட்டுவோம். இது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் சொல்லாமப் போனா?"

"சொல்லிட்டுத்தான் இறங்கினாங்க, ரே" என்றார் ரீஸ். "திருப்பிச் சொல்ல வேண்டிய ஆளு நான். நான் அங்க இல்ல. சாவியைப் பையில வச்சுக்கிட்டு டின் மூடி நெம்பிக்கிட்டிருந்தேன்."

பேனாவை எடுத்தார். புகாரில் ஒலேனா பெட்ரிக் என்ற பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதன் மேலே, பள்ளிக்கூடத்துப் பையன் போல நிறுத்தி நிறுத்தி, தன் பெயரை எழுதினார். காகிதத்தை ரேயின் பக்கம் தள்ளினார்.

"பேரு வேணும்னு கேட்டீங்க."

ரே அந்தப் பெயரைப் பார்த்தார். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. கடிகாரம் ஐந்தைக் காட்டியது. ஐந்தைத் தாண்டியது.

"சீட்டு நாலுன்னு சொன்னீங்க" என்றார். "இங்க மூணுதான் இருக்கு."

ரீஸ் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரே வாங்கினார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், திருப்பிக் கொடுத்தார். "எழுத்து ஓடுது. நீங்க படிங்க."

"ரே, வேண்டாம்" என்றேன்.

"படிங்க. சத்தமா. இஞ்சின்ல படிக்கிற மாதிரி."

ரீஸ் படித்தார்.

"ஏப்ரல் 15."

ரேயின் உதடுகள் அசைந்தன. முப்பது வருடப் பழக்கம். "ஏப்ரல் 15."

"புதுப் பெட்டி வந்தால் யாராவது பொட்டு வையுங்கள்."

"யாராவது பொட்டு வையுங்கள்."

"பாட்டில் ஒட்டுநாடாவுக்குப் பின்னால் இருக்கிறது."

"ஒட்டுநாடாவுக்குப் பின்னால்."

ரீஸ் நிறுத்தினார். சீட்டில் இன்னும் ஒரு வரி இருந்தது. வெளியே தானிய வண்டிகளின் கடைசிப் பெட்டி ஜன்னலைக் கடந்து போனது. சத்தம் அடங்கும்வரை ரே காத்திருந்தார். விடமாட்டார் என்று தெரிந்ததும் ரீஸ் படித்தார்.

"நாளை நான் வர மாட்டேன்."

ரே பாட்டிலைச் சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். திருப்பிச் சொன்னால்தான் அவள் இறங்க முடியும். ரீஸ் சீட்டைக் கீழே வைக்காமல் காத்திருந்தார்.

"நாளை" என்றார் ரே கோஸ்கி. "நாளை நான் வர மாட்டேன்."